ஆடு சமைக்கும் கடை

ஆட்டின் வாய் திறந்திருந்ததுதான் முதல் குற்றம்.

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பூவனலிங்கம் அண்ணாச்சி நடத்தும் சைவ ஓட்டலுக்குப் புதுப் போர்டு. இடுப்பில் துண்டு கட்டிய வெள்ளாடு, பெரிய கரண்டியால் சாம்பார் கிண்டிக்கொண்டே சிரிக்கிறது. கீழே, ‘இங்கே ஆடு சமைக்கும், ஆட்டைச் சமைக்க மாட்டோம்’. மூலையில் ‘தவசி ஆர்ட்ஸ்’.

"வாயத் தொறந்திருக்கேலே," என்றார் அண்ணாச்சி. "சாமிக்குப் படைக்க முந்தியே ருசி பாத்துட்டு போலருக்கு. சாப்பிட்டுட்டு, வாய மூடு."

போர்டு வரைந்த தவசி சாப்பிட்டுவிட்டு ஆட்டின் வாயை மூடினான். வேலை நடக்கிற நாளில் மதியச் சோறு வேலை கொடுத்தவர் பாடு, அது முறை. வேலையில்லாத நாளில் யார் கூப்பிட்டாலும், "இப்பத்தான் சாப்பிட்டேன்" என்பான்.

அவனுக்கு அவசரம் இருந்தது. பிரசவத்துக்குப் பசுவந்தனைக்குப் போயிருந்த மனைவி உமாதேவிக்கு, ‘பிள்ளையோடு பஸ்ஸை விட்டு இறங்கியதும் நிமிர்ந்து பார். போர்டில் அப்பன் பெயர் இருக்கும்’ என்று கடிதம் போட்டிருந்தான்.

மறுநாள் அண்ணாச்சி முகம் சுளித்தார்.

"உம்முன்னு இருக்கே. இந்த மூஞ்சி பரிமாறுனா சோறு எறங்குமா?"

புன்னகை வந்தது. அதற்கு அடுத்த நாள், தாடி சாம்பாருக்கு நேராகத் தொங்குவது தெரிந்தது.

"முடி விழாதா?"

தாடியை எடுத்தான். வாசலில் நின்ற லாரி டிரைவர், "அண்ணாச்சி, நாயா சமைக்குது?" என்று கேட்டுவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார்.

ஆடுதான் என்று தெரியக் கொம்பை நீட்டினான். "கோவத்துல குத்த வருதுல்லா," என்றார் அண்ணாச்சி. சாந்தமாக இருக்கட்டும் என்று நெற்றியில் திருநீறு பூசினான். அன்று சாயங்காலம் நான்கு பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போர்டுக்குக் கற்பூரம் காட்டினார்கள். ஒருத்தி எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு, "பூசாரி எங்க?" என்று கேட்டாள்.

அண்ணாச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சாமிய அடுப்படியில வேல வாங்கலாமா? அழிச்சிரு. மொதல்ல சாப்பிடு."

திருநீறு போய்த் தலைப்பாகை வந்தது. மாப்பிள்ளை மாதிரி இருக்கிறதாம். பெண்ணாடு எங்கே என்றார். பெண்ணாடு வந்தது. குட்டி எங்கே என்றார். குட்டியும் வந்தது. மூன்றும் நின்ற பிறகு சட்டிக்கு இடமில்லை.

"சட்டி இல்லாத சமையலா?"

இப்படியே ஒரு மாதம். ஆடு நாள்தோறும் உருமாறியது. தவசிக்குத் தூக்கத்திலும் மே என்று கேட்டது. வயிறு மட்டும் நிறைந்திருந்தது.

ஒருநாள் உமாதேவியின் அஞ்சலட்டை வந்தது. அதை அண்ணாச்சியிடம் நீட்டினான்.

"நாளைக்குக் காலம்பற பஸ்ஸுல வாரா அண்ணாச்சி. எம்பிள்ள வந்து எறங்கும்போது போர்டு முடிஞ்சு, எம்பேரோட தொங்கணும். இன்னைக்கு ஒருநாள் குத்தம் சொல்லாதீங்க."

அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையை இரண்டு முறை படித்தார்.

"நாளைக்கு நிச்சயமா வந்துருவாள்லா?"

"ஆமா."

"அப்ப மொதநாள் வரைஞ்ச ஆட்டையே வரைஞ்சு மாட்டிரு. அதுல என்ன கொறை?"

தவசி திகைத்தான். "வாயத் தொறந்திருக்குன்னியளே!"

"ஆடுன்னா வாயத் தொறக்கத்தான் செய்யும்," என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி கல்லாவுக்குப் போய்விட்டார்.

இலை எடுத்துக்கொண்டிருந்த வெள்ளைத்தாயிடம் தவசி பொருமினான். "அண்ணாச்சிக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு, அக்கா?"

"எங்களுக்குத்தாம்லே புடிச்சிருக்கு! சும்மா கூப்பிட்டா நீ சாப்பிட வரமாட்டே. உம்பொண்டாட்டி வார வரைக்கும் ஒன்னைய எல முன்னால உக்கார வைக்க, தெனமும் அடுப்படியில கூடி ஒரு குத்தம் ரோசிச்சோம், அந்தத் தாடி நான் சொன்னது."