தாய்மாமனும் புது மாடல் காரும்

விராலிமலை முருகன் துணை

கீரனூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பும் மரியாதையும் மிகுந்த மாப்பிள்ளை அருள்மணி அவர்களுக்கு, கீரனூர் பத்திர எழுத்தர் ஆண்டிச்சாமி கைகூப்பி எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் திலகவதியும் சுகம். காரும் சுகம். அவ்விடத்துச் சுகத்தை விசாரிக்கத்தான் கொஞ்சம் பயமாக இருக்கிறது. இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்க வேண்டாம். தங்கச்சி சிவரஞ்சனி என் நம்பரை பிளாக் செய்து இன்றோடு பத்து நாள் ஆகிறது. உங்கள் நம்பருக்கு அடித்தால், "அவரு குளிக்கிறாரு" என்று தங்கச்சியே சொல்லி வைத்துவிடுகிறது. பத்து நாளாகக் காலையிலும் மாலையிலும் ஒரு மனிதர் குளித்துக்கொண்டே இருக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். வீட்டு முகவரிக்குப் போட்டால் கடிதம் அடுப்புக்குப் போய்விடும் என்பதால் நீங்கள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்து முகவரிக்கு அனுப்புகிறேன். தயவுசெய்து ஸ்டாஃப் ரூமில் சத்தமாகப் படித்துவிடாதீர்கள்.

நான் செய்தது குற்றம்தான். ஒரே தங்கச்சி. அதன் ஒரே பிள்ளை கலைமதிக்குக் காதுகுத்து. முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் என்று பத்திரிகையில் கொட்டை எழுத்தில் போட்டு, தாய்மாமன் என்று என் பெயரையும் போட்டிருந்தீர்கள். அந்தத் தாய்மாமன் வந்து சேர்ந்தது பத்து இருபத்தைந்துக்கு. இருபத்தாறு வருடமாக ஊரார் சொத்துக்கெல்லாம் நாள், நேரம், நான்கு எல்லை பிசகாமல் எழுதியவன், சொந்தத் தங்கச்சி வீட்டு விசேஷத்தில் நேரத்தைத் தவறவிட்டேன். ஆனால் அது எப்படி நேர்ந்தது என்பதை யாரும் முழுசாகக் கேட்கவில்லை. நீங்களாவது கேளுங்கள்.

எங்கள் பழைய சின்னக் காரை உங்களுக்குத் தெரியும். பன்னிரண்டு வருடம் உழைத்தது. போன வருடம் அதே காரைப் புது வடிவத்தில் கொண்டுவரப்போகிறார்கள் என்று செய்தி வந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் போச்சு. கம்பெனிக்காரர்கள் அதன் மேல் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம்போட்ட ஸ்டிக்கரை ஒட்டி ரோட்டில் ஓட்டிப் பார்த்ததை எவனோ படம் பிடித்துப் போட்டிருந்தான். அதில் சக்கரத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அந்தச் சக்கரத்தையே நான் ஒரு மாதம் பார்த்தேன். அப்புறம் முன்விளக்குப் படம் வந்தது. அப்புறம் உள்ளே இருக்கும் பெரிய திரை. கிரயப் பத்திரம் எழுத வந்தவர்களிடமெல்லாம் போனை நீட்டிக் காட்டினேன். ஒருவர் அதைக் கிரயத்துக்கு வரும் சொத்தின் படம் என்று நினைத்து, "வெளக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு, வில்லங்கம் பாத்தாச்சுங்களா?" என்று கேட்டார். இப்படிப் பதினோரு மாதம். மாப்பிள்ளை, திலகவதியைப் பெண் பார்த்துவிட்டுக் கல்யாணத்துக்குக் காத்திருந்தது மூன்றே மாதம். அப்போதுகூட நான் இவ்வளவு படம் பார்க்கவில்லை. இதை அவளிடம் சொல்லிவிட வேண்டாம்.

ஷோரூமில் சந்தோஷ்குமார் என்றொரு பையன். இந்த வாரம் சார், அடுத்த வாரம் சார் என்று இழுத்து இழுத்து, கடைசியில் காதுகுத்துக்கு முதல் நாள் சாயங்காலம் வண்டி ரெடி என்றான். இங்கேதான் என் புத்தி கெட்டது. யாரிடமும் மூச்சு விடக்கூடாது, மறுநாள் காலை சீர்த்தட்டுகளோடு புதுக் காரிலேயே அன்னவாசலில் போய் இறங்கி எல்லோரையும் அசத்திவிட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். திருச்சியில் பழைய காரைக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுத்து வந்து, அக்கம்பக்கத்தார் கண்ணில் படாமல் கொட்டகையில் விட்டு, கல்யாணத்து ஜமக்காளத்தைப் போட்டு மூடினேன். திலகவதி ஒரு தடவை சுற்றி வந்து பார்த்துவிட்டு, "பழைய காரு மாதிரியேதான இருக்கு?" என்றாள். பதினோரு மாதக் காத்திருப்புக்குக் கிடைத்த முதல் பாராட்டு இது. பழைய காரின் முகம் சிரிக்கிற மாதிரி இருக்கும், இதன் முகம் புருவத்தைச் சுருக்கி முறைக்கிற மாதிரி இருக்கிறது, வித்தியாசம் தெரியவில்லையா என்று கேட்டேன். "மொறைக்கிற மூஞ்சிக்கா இத்தன மாசம் காத்துக் கெடந்தீங்க?" என்று போய்விட்டாள்.

மறுநாள் காலை ஐந்தரைக்கே கிளம்பிவிட்டோம். நேராக அன்னவாசல் வந்திருந்தால் ஏழுக்கெல்லாம் உங்கள் வீட்டு இட்லி கிடைத்திருக்கும். ஆனால் எங்கள் வீட்டில் புது வண்டி எதுவானாலும் சாவியை விராலிமலை முருகன் காலடியில் வைத்து எடுத்த பிறகுதான் விசேஷத்துக்குப் போகும். அப்பாவின் சைக்கிள் சாவிகூட மலை ஏறி இறங்கியதுதான். அடிவாரத்தில் நிறுத்தினேன். முழங்கால் வலியால் திலகவதி படி ஏற மாட்டாள். கட்டிவைத்த மாலைகள் வாடிவிடக்கூடாதே என்று ஏசியை ஓடவிட்டு, அவளை டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, என் போனையும் பர்ஸையும் செருப்பையும் காரிலேயே விட்டுவிட்டு, சாவியை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு படியேறினேன். புது மாடலில் சாவியை எங்கும் நுழைக்க வேண்டியதில்லை மாப்பிள்ளை. அது பக்கத்தில் இருந்தால் போதும், பட்டனை அழுத்தினால் வண்டி கிளம்பும். பக்கத்தில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை, சந்தோஷ்குமாரும் சொல்லவில்லை. சாவி தொலைவில் போனாலும் ஓடுகிற இஞ்சின் நிற்காது. ஆனால் ஒரு தடவை நிறுத்திவிட்டால் மறுபடி கிளம்பாது.

மேலே நல்ல தரிசனம். குருக்கள் சாவியை வாங்கிச் சாமி காலடியில் வைத்தார். கூட்டம் இருந்தது, அபிஷேகம் முடியட்டும் என்றார். அதற்குள் கீழே ஒரு மயில் வந்திருக்கிறது. விராலிமலையில் மயிலுக்குப் பஞ்சமா? மேற்படி மயில் காரின் பளபளப்பான கதவில் தன் உருவத்தைப் பார்த்து, யாரோ பங்காளி வந்துவிட்டான் என்று கொத்த ஆரம்பித்துவிட்டது. திலகவதி ஹாரன் அடித்தாள். மயில் அதற்குப் பதில் சத்தம் கொடுத்துவிட்டு அடுத்த கதவுக்குப் போனது. புது பெயின்டாயிற்றே என்று பதறி, வண்டியை எடுத்துக்கொண்டு இலுப்பூர் ரோட்டில் போய்விட்டாள். கார் கீ கீ என்று கத்தியிருக்கிறது. சாவி இல்லை என்று சொல்கிறது போல. இவளோ புது வண்டி அப்படித்தான் கத்தும் போல என்று இரண்டு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, சத்தம் தாங்காமல் ஒரு புளியமரத்தடியில் ஆஃப் செய்துவிட்டாள். சத்தம் நின்றது. வண்டியும் நின்றது.

நான் கீழே வந்து பார்த்தால் காரைக் காணோம். நெற்றியில் விபூதி, ஒரு கையில் சாவி, இன்னொரு கையில் எலுமிச்சம்பழம், காலில் செருப்பில்லை. சாவி கையில் இருக்கும்போது கார் எப்படிப் போகும் என்று மூளை சுற்றியது. டீக்கடைக்காரர் சூசைராஜ் இரக்கப்பட்டுத் தன் போனைக் கொடுத்தார். காரில் விட்ட என் போனைக் கோயிலுக்கென்று சைலன்டில் போட்டிருந்தேன், அடித்தால் எடுக்க ஆளில்லை. திலகவதியின் நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை. என் தலையில் இருக்கும் இன்னொரு நம்பர் தங்கச்சியுடையது மட்டும்தான். அடித்தேன். பின்னால் மேளச் சத்தம்.

"அண்ணே, எங்கண்ணே வாரீங்க? ஆசாரி வந்து ஒக்காந்துட்டாரு."

"இலுப்பூர் தாண்டிட்டோம்மா."

அந்த நேரம் பார்த்து அந்த மயில் என் பக்கத்தில் வந்து நின்று தொண்டை கிழியக் கத்தியது.

"அது என்னண்ணே மயிலு சத்தம்?"

"காரு ஹாரன்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். மாப்பிள்ளை, உண்மையைச் சொல்லித் திலகவதியின் நம்பரைக் கேட்டிருந்தால் அங்கேயே பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும். அசத்தப்போகிற காரைப் பற்றி முன்கூட்டியே சொல்ல மனசு வரவில்லை. அந்தப் பொய்தான் என்னைப் பத்து நாளாக அரிக்கிறது.

பிறகு சூசைராஜே கடையை மனைவியிடம் விட்டுவிட்டு என்னைத் தன் பைக்கில் ஏற்றிக்கொண்டார். வழியில் ஒரு பூக்காரம்மா, "மயிலுக்குப் பயந்து ஓடுன காரா? அங்கிட்டுப் போச்சுங்க" என்று கை காட்டினார். போய்ச் சேர்ந்தால் புளியமரத்தடியில் திலகவதி போனை ஸ்பீக்கரில் போட்டு சந்தோஷ்குமாரோடு பேசிக்கொண்டிருக்கிறாள்.

"மேடம், சாவி இப்ப எங்க இருக்கு?"

"முருகன் காலடியில இருக்குங்க தம்பி."

"அவரு எப்ப மேடம் வருவாரு?"

நான் கிட்டே நெருங்கியதும் கார் தன் இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் தானாக விரித்து என்னை வரவேற்றது. திலகவதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வண்டி கிளம்பியது. கிளம்பியதும் வேறொரு சத்தம். பின்சீட்டில் இருப்பவர்கள் பெல்ட் போடவில்லையாம். பின்சீட்டில் இருந்தது சீர் அரிசி மூட்டையும் வாழைத்தாரும் வெண்கலப் பானையும். புது மாடலில் பின்சீட்டுக்கும் அலாரம் வைத்திருக்கிறார்கள். நடுரோட்டில் நிறுத்தி, அரிசி மூட்டைக்கு ஒரு பெல்ட், வாழைத்தாருக்கு ஒரு பெல்ட், நடுவில் பானைக்கு ஒரு பெல்ட் என்று மூன்று பேருக்கும் போட்டுவிட்ட பிறகுதான் கார் சமாதானம் ஆனது. ரோட்டில் போனவர்களெல்லாம் வண்டியை நிறுத்தி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது நீங்களே கண்ணால் பார்த்தது. நான் வந்து இறங்கியபோது கலைமதி என் பெரியப்பா மகன் பெரியகருப்பன் மடியில் உட்கார்ந்திருந்தாள். வலது காது முடிந்துவிட்டது. நேரம் போகிறதே என்று அவனை உட்கார வைத்ததில் யாரையும் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் அவன் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பிள்ளையை அவசரமாகத் தூக்கி என் மடிக்கு மாற்றினார்கள். அந்த நேரத்தில் யாரோ, "டேய், புது மாடலுடா!" என்று கத்த, பந்தலில் இருந்த கூட்டம் முழுக்க வெளியே போய்விட்டது. மேளக்காரர் போனார். ஊசியைக் கீழே வைத்துவிட்டு ஆசாரியும் போனார். ஒரு காது குத்திய பிள்ளை என் மடியில் வீறிட்டு அழுகிறது. உங்கள் அம்மா செங்கமலம் அத்தை பின்கதவில் கைப்பிடியைக் காணாமல் கதவு பூராவும் தடவித் தடவிப் பார்க்கிறார். புது மாடலில் அதைக் கண்ணாடி ஓரத்தில் மேலே ஒளித்து வைத்திருக்கிறார்கள். இங்கே பந்தலில் நானும் பிள்ளையும் தங்கச்சியும் மட்டும். தங்கச்சி என் முகத்தைப் பார்க்கவே இல்லை. இடது காது குத்தி முடிந்தது, சாப்பாடு முடிந்தது, நான் கிளம்பியது, எதிலும் பார்க்கவில்லை. ஒரு பிள்ளைக்கு இரண்டு காதும் இரண்டு மாமன் மடியில் குத்தியது நம் வகையறாவிலேயே இதுதான் முதல் தடவை.

மாப்பிள்ளை, அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்கென்று இருப்பது அந்த ஒரு கூடப்பிறந்தது. தினமும் காலையில் கடை திறக்கும்போது ஒரு போன் வரும், "அண்ணே, சாப்டீங்களா?" என்று. பத்து நாளாக அது இல்லாமல் வாயில் வைத்தது ருசிக்கவில்லை. ஆகவே நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் மூலகாரணமான மேற்படி காரை விற்றுவிடுகிறேன். இனி உங்கள் வீட்டு விசேஷம் எதுவானாலும் இரண்டு நாள் முன்னதாகவே பஸ்ஸில் வந்து உங்கள் கூடத்தில் பாய் போட்டுப் படுத்துக்கொள்கிறேன். தங்கச்சி மனசு இளகியிருக்கும் நேரம் பார்த்து, தாமதத்துக்கு அண்ணன் மன்னிப்புக் கேட்டான் என்று ஒரு வார்த்தை போட்டு வையுங்கள். இதை என் சுயநினைவோடும் யாருடைய தூண்டுதலும் இல்லாமலும் எழுதுகிறேன்.

அத்தைக்கு என் வணக்கம். கைப்பிடியைத் தேடியதில் அவருக்குக் கை வலி கண்டிருந்தால் மன்னிக்கவும். குழந்தை கலைமதி இரண்டு காதும் ஆறி, முருகன் அருளால் தோடும் ஜிமிக்கியுமாகச் சிரித்து விளையாட இந்த மாமனின் ஆசீர்வாதம்.

தங்கள் அன்புள்ள மச்சான்,
பொ. ஆண்டிச்சாமி

பின்குறிப்பு: கவரில் தபால்தலை ஒட்டிக்கொண்டிருக்கும்போதே வாசலில் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தது தங்கச்சி, இடுப்பில் பிள்ளையோடு. அண்ணன் வீட்டுக்குப் போகிறேன் என்று உங்களிடம்கூடச் சொல்லவில்லையாமே. நான் கையெடுத்துக் கும்பிட்டு, "லேட்டானது தப்புத்தாம்மா" என்று ஆரம்பித்தேன். "லேட்டா வந்ததுக்கா நான் கோவமா இருக்கேன்னு நெனச்சீங்க? எத்தன விசேஷத்துக்கு நீங்க நேரத்துக்கு வந்திருக்கீங்க?" என்றது. பிறகு காரைப் பார்த்துக்கொண்டே சொன்னது: "பதினோரு மாசமா அந்தக் கலரு நல்லாருக்கா, இந்தக் கலரு நல்லாருக்கான்னு என்கிட்டதானண்ணே கேட்டீங்க. நானும் ஒங்க கூடவேதான காத்துக் கெடந்தேன். வண்டி வந்தன்னைக்கு எனக்கு ஒரு வார்த்த சொல்லல. நானும் ஊரோட ஊரா நின்னு பாக்கணுமாண்ணே?" அழுதுவிட்டேன் மாப்பிள்ளை. அசத்த வேண்டும் என்று நினைத்தேனே, யாரை முதலில் ஏற்ற வேண்டும் என்று நினைக்கவில்லை. சாவியைக் கையில் கொடுத்தேன். திலகவதி ஆரத்தி கரைத்து வந்தாள். தங்கச்சி ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார, கீரனூரை மூன்று சுற்று வந்துவிட்டோம். ஆகவே மேலே எழுதியவை யாவும் செல்லாது, கார் விற்பனைக்கு இல்லை. தங்கச்சி இன்னும் இரண்டு நாள் கழித்துத்தான் வரும். உங்களுக்குப் போன் பண்ணச் சொன்னதற்கு, "அவரு குளிச்சிக்கிட்டிருப்பாரு" என்கிறது.