புட்டுப் பதத்தில் ஒரு கியர்

இந்த உலகத்துக்குத் தேவையான கவலை முழுவதையும் ஓர் ஆளே தயாரித்துக் கொடுக்க முடியுமென்றால், அது எங்கள் கியர் அண்ணையால் மட்டும்தான் முடியும். மற்றவர்கள் எல்லாரும் பொழுதுபோக்குக்குக் கவலைப்படுகிறவர்கள், நான் உட்பட.

ரொறன்ரோ நகரத்து வெக்ஸ்போர்ட்டில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும்; கேட்டவர் யாருமில்லை. கோடையில் சனிக்கிழமைதோறும் ஒரு பழைய நாலு சிலிண்டர் காரை இழுத்துக்கொண்டு, ரொறன்ரோவுக்கு வெளியே சோளக் காட்டுக்கு நடுவே இருந்த மண் பந்தயப் பாதைக்குப் போவார். ஓட்டுவது அவரல்ல, மனைவி தேவி அக்கா. கிழமை நாட்களில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். பின்னால் ஒரு பஸ் நிறையப் பிள்ளைகள் கத்தாததால், பந்தயம் அவருக்கு ஓய்வு மாதிரி. அண்ணையின் வேலை ஒன்றே ஒன்று: கியர் தெரிவு செய்வது. என் வேலை, அவர் கழற்றும் திருகாணிகளைத் தொப்பியில் ஏந்தி நிற்பது. நான் படித்த படிப்புக்கு அதற்கு மேல் யாரும் என்னை நம்பவில்லை.

காரின் பின் அச்சில் ஒரு மூடி. திறந்தால் மேலொன்று கீழொன்றாக இரண்டு பற்சில்லுகள். ஒரு சோடி போட்டால் கார் வளைவிலிருந்து பாய்ந்து வெளிவரும். ஆனால் நேர்ப்பாதையில் எஞ்சின் கத்திக் கத்தி வெடிக்கப் பார்க்கும். இன்னொரு சோடி போட்டால் நேர்ப்பாதையில் நிம்மதி. வளைவிலோ ஊரும், பின்னால் வருகிறவன் இடிப்பான். எட்டு சிலிண்டர்காரனுக்குக் கியர் பிழைத்தாலும் எஞ்சின் இழுத்துக்கொண்டு போய்விடும். நாலு சிலிண்டர் ஈர விறகு அடுப்பு. ஊதுவதில் கொஞ்சம் பிசகினாலும் புகைதான்.

தெரிவுக்கு அண்ணை வைத்திருந்த ஒரே கருவி அவருடைய வலது கை. பாதையில் குந்தி ஒரு பிடி மண்ணை அள்ளிப் பொத்துவார். விரித்து, பெருவிரலால் மெல்லத் தட்டுவார்.

"புட்டுப் பதம். பிடிச்சா நிக்குது, தட்டினா உதிருது. நடுக் கியர் போடலாம்."

ஈரமாய் ஒட்டினால் இடியப்பப் பதம்: பாய்கிற கியர். காய்ந்து பறந்தால் வறுத்த மா: காரின் சில்லு வழுக்கும், ஆகவே ஊருகிற கியர். ஒருமுறை, வாரம் முழுக்க ஆராய்வதற்காக அந்த மண்ணை ஐஸ்கிறீம் டப்பாவில் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அக்கா அதைக் குரக்கன் மா என்று நினைத்துக் குழைத்துவிட்டார்.

"பதம் நல்லாத்தான் வந்தது. மணம்தான் சரியில்லை," என்றார் என்னிடம்.

இதெல்லாம் ஒரு கட்டம் வரை வெறும் பகிடி. ஒரு வருடக் கடைசியில் அண்ணை ஊருகிற கியர் போட்ட ஒரு நாள், வளைவில் பின்னால் வந்தவன் இடித்து அக்காவின் கை முறிந்தது. அக்கா கட்டுப் பிரித்த கையோடு மறுபடி காரில் ஏறிவிட்டார். அண்ணையால் அதற்குப் பிறகு ஒரு மூடியை ஒரே தடவையில் மூட முடிந்ததில்லை.

அடுத்த வருடக் கடைசிப் பந்தயம் வந்தது. அந்தக் கோடை முழுவதும் அக்கா ஒரு சனிக்கிழமையின் இறுதி ஓட்டத்தையும் முடித்திருக்கவில்லை; ஏதோ ஒன்று நடுவில் கைவிட்டது. இருந்தது ஒரே எஞ்சின். அது வெடித்தால் கார் பழைய இரும்பு.

"இஞ்சாருங்கோ, இண்டைக்கு முதலாவதா வரவேணுமெண்டில்லை. கொடி விழுமட்டும் ஓடினால் காணும்," என்றார் அக்கா, தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு.

அண்ணை மண்ணைப் பிடித்தார். வெயில் குடித்து, வறுத்த மாவாய்ப் பறந்தது. சந்தேகமேயில்லை, ஊருகிற கியர். மூடியைத் திறந்தார், சோடியை மாற்றினார், மூடினார்.

"தம்பி, உது சரியோ?"

"சரி அண்ணை."

"உமக்கென்ன தெரியும்?"

மறுபடி திறந்தார். துடைத்தார். மேலே இருந்ததைக் கீழே வைத்துப் பார்த்தார், கீழே இருந்ததை மேலே வைத்துப் பார்த்தார். மூடினார். திறந்தார். என் தொப்பியில் ஆணிகள் வியர்த்தன. கார்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவசரத்தில் மூடி, கும்பிட்டு அனுப்பினார்.

முதல் நேர்ப்பாதையிலேயே எஞ்சின் ஓலமிட்டது. அண்ணையின் முகம் சுண்ணாம்பானது.

"ஐயோ! தலைகீழாப் போட்டிட்டன்! உது பாயிற கியரடா!"

அதே சோடிதான், மேல் கீழ் மாறினால் குணமும் மாறிவிடும். வேலியைப் பிடித்துக்கொண்டு, "வெளியில வாருமப்பா! வெடிக்கப்போகுது!" என்று கத்தினார். அத்தனை கார்களின் இரைச்சலில் அது எனக்கே அரைகுறையாய்த்தான் கேட்டது. அக்காவோ ஒவ்வொரு சுற்றும் நேர்ப்பாதையின் பாதியிலேயே மிதியிலிருந்து காலை எடுத்தார். எஞ்சின் மூச்சு வாங்கிக்கொண்டது. ஒவ்வொருவராக அவரைக் கடந்து போனார்கள். அண்ணை கண்ணை மூடிக்கொண்டு, "சத்தம் கேக்குதோ? இன்னும் கேக்குதோ?" என்று என் சட்டையை உலுக்கினார். கேட்டது. கொடி விழும்வரை கேட்டது. அக்கா கடைசிக்கு முந்தினவராக வந்து சேர்ந்தார்.

அண்ணை ஓடிப்போய் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுப் பக்கத்தில் குந்திவிட்டார்.

"எனக்கு முதல் சுத்திலயே தெரியும்," என்றார் அக்கா.

"பிறகேனப்பா வெளியில வரேல்லை?"

"வந்தா நீங்கள் திருப்பித் திறப்பியள்." தலைக்கவசத்தை அண்ணையின் மடியில் வைத்தார். "பிழை உங்களிலை இல்லை. என்ர முறிஞ்ச கை மாறிச் சுகமாயிட்டுது. உங்கட கைக்குத்தான் இன்னும் மாறேல்லை. அந்தக் கைதான் என்னைத் திரும்பவும் ஊர விடாமல் மாத்திப் போட்டிருக்கு."

அண்ணை தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் இன்னும் மண் இருந்தது.

இப்போது அவர்கள் பெரிய கராஜோடு வீடு கிடைத்து அஜக்ஸ் நகரத்துக்குப் போய்விட்டார்கள். எங்கள் வீட்டில் புட்டுக்கு மா குழைப்பது நான்தான். ஒரு பிடி பிடிக்கிறேன், பெருவிரலால் தட்டுகிறேன், உதிர்கிறது. பதம் சரிதான். என்றாலும் அண்ணையை ஒருக்கால் கூப்பிட்டுக் கேட்டுவிட்டால் நல்லது என்று தோன்றிக்கொண்டே இருக்கும்.