சிவக்கொழுந்து வைத்தியரின் ரசாயனம் இல்லாத பரங்கி விதைச் சாறு

ஒரு காட்டில் ஒரு கரடி வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தது. எந்தக் காடு என்று கேட்டுவிடாதீர்கள், நான் காட்டுப் பக்கம் போனதே இல்லை. கரடியின் பெயர் சிவக்கொழுந்து. வயதான வைத்தியர், அதனால் இனிமேல் மரியாதையாக அவர் என்றே சொல்கிறேன்.

அவரிடம் இருந்தது ஒரே ஒரு மருந்து. பரங்கி விதையை நிழலில் உலர்த்தி, இடித்து, கொதிக்கவைத்து வடித்த சாறு. மேலே பச்சையாக எண்ணெய் மிதக்கும். வயதான ஆண் மிருகங்களுக்கு ஒரு தொல்லை வருமே, அடிக்கடி புதர் மறைவுக்கு ஓடுவதும், ஓடின இடத்தில் காரியம் ஆகாமல் நிற்பதுமாக, அதற்கு அது கைகண்ட மருந்து என்று பேர். எப்படிக் கேட்கிறது என்று வைத்தியருக்குத் தெரியாது. அவருடைய அப்பாவுக்கும் தெரியாது. "விதையில சத்து இருக்குப்பா" என்பதோடு அந்தப் பரம்பரையின் மருத்துவ ஆராய்ச்சி முடிந்துவிடும். வைத்தியருக்கும் அதே தொல்லைதான். தினமும் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மூடி குடிப்பார். வைத்தியனுக்கே வியாதி என்று தெரிந்தால் கூட்டம் குறையுமே!

எல்லாம் நன்றாகத்தான் போனது. எதிர்ப்புறம் முள்ளம்பன்றி ஒரு மூலிகைக் கடை திறந்ததும் அவருக்கு வயிறு எரிந்தது. உடனே ஒரு போர்டு எழுதி வாசலில் மாட்டினார்: 'ரசாயனம் அறவே இல்லாதது.' ரசாயனம் என்றால் என்னவென்று காட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அது இல்லை என்று எழுதியிருந்ததில் எல்லோருக்கும் பெரிய நிம்மதி.

போர்டின் புகழ் அரண்மனை வரை போயிற்று. சிங்க மகாராஜாவுக்கும் அந்த வயது. விசாரணைக்கு நடுவில் அவர் புதர்ப் பக்கம் போய் வருவதற்குள் குற்றவாளி மான்கள் நிதானமாக நடந்து வீடு போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன. வைத்தியரின் சாற்றைக் கொஞ்ச நாள் குடித்தபிறகு ராஜா ஒரு முழு வழக்கையும் உட்கார்ந்தே கேட்டார். மானுக்குத்தான் கஷ்டம். சந்தோஷத்தில் ராஜா சபையைக் கூட்டி, சிவக்கொழுந்துதான் இனி அரண்மனை வைத்தியர் என்று அறிவித்து, சால்வையும் போர்த்தினார்.

சால்வையை வாங்கிக்கொண்டு மனிதர் வீட்டுக்குப் போயிருக்கலாம். மனிதர் இல்லை, கரடி. ஆனால் கைதட்டல் கேட்டுவிட்டால் எல்லாம் ஒன்றுதான்.

"மகாராஜா! என் சாறை யார் வேணும்னாலும் சோதிச்சுப் பார்க்கட்டும். அதுல ஒரு பொட்டு ரசாயனம் இருந்தா, உடம்பு முழுக்கச் சிரைச்சுக்கிட்டு இந்தச் சபையில வந்து நிக்கிறேன்!"

சபையே ஆரவாரம் செய்தது. ஓரத்தில் நின்ற அவர் மனைவி தெய்வானை மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டாள். கரடிக்கு மரியாதையே ரோமம்தான். அது போனால் உள்ளே இருப்பது என்ன மிருகம் என்று கரடிக்கே சந்தேகம் வந்துவிடும்.

"அதுக்கென்ன, சோதிச்சிடலாமே" என்றது முள்ளம்பன்றி.

பட்டணத்தில் படித்துவிட்டு வந்த புனுகுப்பூனை ஒன்று காட்டில் இருந்தது. பெயர் பரிமளம். மெஷின் எல்லாம் வைத்திருந்தாள். அடுத்த சபையில் அவள் எழுந்து நின்றாள். வாசலில் நாவிதர் நண்டு கொடுக்கைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது.

"லினோலிக் அமிலம், ஒலிக் அமிலம், பால்மிடிக் அமிலம்..." என்று பரிமளம் ஆரம்பித்தாள்.

"அமிலமா!" என்று அலறினார் யானையார். ராஜாவின் கை தானாக வயிற்றுக்குப் போனது.

"பயப்படாதீங்க, எண்ணெய்னாலே அதுதான். அப்புறம் பீட்டா சிட்டோஸ்டெரால். மகாராஜாவோட தொல்லைக்குக் கேட்கிறது இதுவா இருக்கலாம்னு சொல்றாங்க. குக்குர்பிட்டின், பூச்சி மருந்தா குடுக்கிறப்போ இதைத்தான் நம்புறாங்க. கொஞ்சம் துத்தநாகம், மெக்னீசியம்..."

"உலோகத்தைக் கரைச்சு ராஜாவுக்குக் குடுத்திருக்கான்!" என்று முள்ளம்பன்றி சிலிர்த்துக்கொண்டது.

"ஸ்குவாலீன். இது சுறா மீனோட ஈரல்லயும் இருக்கும்."

அந்தக் காட்டில் கடலைப் பார்த்தவர் யாருமில்லை. இருந்தாலும் யானையார் சுறாவுக்காக அழ ஆரம்பித்துவிட்டார்.

"ஐயோ, யாரும் எதையும் கலக்கலை!" என்றாள் பரிமளம். "இதெல்லாம் பரங்கி விதைக்குள்ளயே இருக்கிறது. ரசாயனம் இல்லாத பொருளே உலகத்துல கிடையாது. இப்ப நம்ம மகாராஜாவையே எடுத்துக்கிட்டா..." ராஜாவின் முகத்தைப் பார்த்ததும் அதோடு நிறுத்திக்கொண்டாள்.

வைத்தியருக்கு முதலில் உண்டானது மகிழ்ச்சிதான். அடேயப்பா, நம் விதைக்குள் இவ்வளவு சமாசாரமா, அப்பா இருந்து கேட்டிருந்தால் எவ்வளவு பூரித்திருப்பார் என்று நினைத்தார். அந்த மகிழ்ச்சியோடு 'போர்டில் எழுதியதுதான் தப்பு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தார். நண்டு கொடுக்கை ஒருமுறை 'டிக்' என்று தட்டியது.

"மகாராஜா, கொஞ்சம் அவகாசம் குடுங்க. எல்லா ரசாயனத்தையும் எடுத்துட்டுக் கொண்டுவர்றேன்" என்றார்.

ஆய்வுக்கூடத்தில் அவர் பரிமளத்தின் பக்கத்திலேயே நின்றார். "முதல்ல அந்த அமிலத்தை எடும்மா" என்றார். எண்ணெய் போயிற்று. ஸ்டெராலை எடுத்தாள், உலோகத்தை எடுத்தாள், சுறாவையும் எடுத்தாள்.

"இப்ப என்ன மிச்சம்?"

"வெறும் தண்ணி, ஐயா."

"அப்பாடா!"

"தண்ணியும் ரசாயனம்தான் ஐயா."

வைத்தியர் தன் கைகளைப் பார்த்தார். கருகருவென்று அடர்த்தியாக என்ன அழகான ரோமம்! "அதையும் எடுத்துடு" என்றார்.

"ஐயா, சீசா காலியாயிடும்."

"மூடியை இறுக்கி மூடும்மா."

"உள்ளே காத்து இருக்குமே..."

"அதை வெளியில சொல்லாதேம்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்."

மறுபடி சபை கூடியது. ராஜா காலி சீசாவை அண்ணாந்து குடித்தார். "பரவாயில்லையே, கசப்பே தெரியலை" என்றார். சபை கைதட்டியது. சில நாள் இதே மருந்து. தொல்லை பழையபடி திரும்பி வந்தது. ஒருநாள் விசாரணைக்கு நடுவில் ராஜா எழுந்து ஓடினார், குற்றவாளி மான் எழுந்து நடந்தது, நண்டு வைத்தியரையே பார்த்தது.

ராஜா திரும்பி வந்ததும், "என்னய்யா இது?" என்று உறுமினார்.

"மகாராஜா, அது நல்லதுக்குத்தான்! இத்தனை நாள் உள்ளே போன ரசாயனமெல்லாம் இப்ப வெளியேறுது!"

இது தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று வைத்தியருக்கே திகைப்பு.

"அப்படியா? அப்போ அடிக்கடி போனா நல்லதா?"

"எவ்வளவு அடிக்கடியோ, அவ்வளவு நல்லதுங்க."

அவ்வளவுதான், காடு முழுக்க வரிசை கட்டிக் காலி சீசா வாங்கியது. முள்ளம்பன்றி அதைவிடப் பெரிய காலி சீசா விற்றது. அமிலம் உள்ள செடி என்று ராஜா உத்தரவு போட, பரங்கிக் கொடிகளை ஒன்று விடாமல் பிடுங்கிக் கொளுத்தினார்கள். வைத்தியர் வீட்டுப் பின்புறக் கொடியையும்தான். அதோடு, அரண்மனை வைத்தியர் தினமும் சபையில் எல்லோருக்கும் முன்னால் காலி சீசா குடித்துக்காட்ட வேண்டும் என்றும் ஏற்பாடாயிற்று.

பிறகு ஒரு காலையில் புதர் மறைவில் ராஜாவும் வைத்தியரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். வெகுநேரம் நின்றார்கள். ராஜா வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். வைத்தியருக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது, தன்னை நினைத்தால் அதைவிடப் பாவமாக இருந்தது.

"வெளியேறுதா, வைத்தியரே?" என்று ராஜா கேட்டார்.

"பிரமாதமா வெளியேறுது, மகாராஜா."

இருவருக்கும் ஒரு சொட்டுக்கூட வரவில்லை.

வைத்தியர் சால்வையைச் சரிசெய்துகொண்டு மெல்ல மெல்ல வீடு வந்து சேர்ந்தார். தெய்வானை அவர் நடக்கிற நடையைப் பார்த்தாள், பளபளவென்று சீவிவிட்டிருந்த ரோமத்தையும் பார்த்தாள்.

"ஏங்க, அன்னைக்கே சிரைச்சிருந்தா, இந்நேரம் முளைச்சிருக்குமே" என்றாள்.

நீதி: காலி சீசாவுக்குப் பக்கவிளைவு கிடையாது. இந்தக் கதையிலும் சத்து எதுவும் சேர்க்கப்படவில்லை. பயப்படாமல் குழந்தைகளுக்குக் கொடுக்கலாம்.