மிஸ்டர் கிராடக்கின் காலும் எங்கள் வீட்டுப் பலகையும்

அன்புத் தங்கை மூரியலுக்கு அண்ணன் வில்ஃபிரட் எழுதுவது. நாங்கள் நலம் என்று எழுதத்தான் ஆசை. உன் அண்ணி எனிட் மூன்று ஸ்வெட்டர் போட்டுப் படுத்திருப்பதால் பாதி நலம் என்று வைத்துக்கொள்.

சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டிய பெல்மோர் வரிசையில் எங்கள் வீட்டின் லட்சணம் உனக்குத் தெரியும். 1791இல் கட்டிய மகானுபாவன் தெருப்பக்கம் கல்தூணும் வளைவுமாக அரண்மனை காட்டிவிட்டு, பின்பக்கம் கைக்கு அகப்பட்ட செங்கல்லை அடுக்கி, பதினோராவது வீட்டோடு வேலையை நிறுத்திவிட்டு ஊரைவிட்டே ஓடிப்போனான். அந்தப் பித்தலாட்டத்துக்குத்தான் 'வரலாற்றுச் சிறப்பு' என்று பெயர் சூட்டிப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். ஆணி அடிக்கவும் அனுமதி வேண்டும். குளிர் மட்டும் கேட்காமலே உள்ளே வருகிறது. படுக்கையறை ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போட விண்ணப்பித்தேன். செவ்வாய்க்கிழமை பட்டியல் அதிகாரி கிராடக் பார்வையிட வந்தார்.

ஜன்னலைத் தடவிக்கொடுத்து, "ஆகா, எவ்வளவு அழகா ஆடுது! இதை மாத்த எப்படிங்க மனசு வரும்?" என்றார்.

"ஒரு ராத்திரி இங்க படுத்துப் பாருங்க, மனசு தானா வரும்" என்றாள் எனிட்.

சிரித்தபடி ஓரடி பின்னால் வைத்தார். தரைப் பலகை முறிந்து வலது கால் தொடைவரை இறங்கிவிட்டது. கீழே சமையலறைக் கூரையில் ஒரு பூட்ஸ் முளைத்தது. நான் ரம்பத்தோடு ஓடிவந்தேன்.

"ஐயோ, அறுக்காதீங்க! அசல் பலகை! அனுமதி வேணும்!"

"யார்கிட்ட?"

"என்கிட்டதான்."

"சரி, குடுங்க."

"எழுத்துலதான் குடுக்கணும். எட்டு வாரம் ஆகும்" என்றார், கூசாமல்.

"எட்டு வாரம் இவருக்கு யாரு சமைக்கிறது?" என்றாள் எனிட்.

மூன்று மணி நேரம் தேநீரும் பிஸ்கட்டும் அவரிடத்துக்கே போயின. கடைசியில் நான் கீழேயிருந்து பூட்ஸைக் கழற்றி, வெண்ணெய் தடவித் தள்ள, எனிட் மேலேயிருந்து இழுக்க, கால்சட்டையைப் பலகையிடமே விட்டுவிட்டு மனிதர் வெளியே வந்தார். வெள்ளிக்கிழமை அவருடைய கடிதம் வந்தது: ஜன்னலுக்கு அனுமதி இல்லை; தொன்மையான பலகை சேதமானதற்கு நான் விளக்கம் தரவேண்டுமாம்!

எனிட் அழுதுவிட்டாள். "இன்னொரு குளிர்காலத்தை நான் தாங்க மாட்டேன், வில்ஃப்." ஆகவே இந்த இடிபாட்டை விற்றுவிட்டு, ஒன்றாம் தேதி உன் வேமத் வீட்டு மாடியறைக்கே வந்துவிடுகிறோம். கடற்காற்று உன்னை நலமாக வைத்திருக்கட்டும்.

உன் அண்ணன்,
வில்ஃபிரட் பார்ஜிட்டர்

பி.கு.: மாடியறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடு. பக்கத்து வீட்டு டரன்ஸ் பிளாஸ்டிக் கதவு மாட்ட ஆள் கூட்டிவந்துவிட்டான். படுக்கையிலிருந்து எழுந்தோடிய எனிட், "இருநூறு வருஷ வரிசைடா இது, பாவி!" என்று தெருவில் நின்று கத்துகிறாள். கிராடக்குக்குப் புகார்க் கடிதம் நான்தான் எழுதவேண்டும். அதனால் இத்துடன் முடிக்கிறேன்.