பிழிந்த வடையில் கொழுப்பில்லை

உலகத்தில் வடை தின்கிறவர்கள் உண்டு, தின்னாதவர்கள் உண்டு. இந்த இரண்டிலும் சேராமல் மூன்றாவதாக ஒரு ரகம் இருக்கிறது: பிழிந்து தின்கிறவர்கள். நீங்கள் பார்த்திருப்பீர்கள். டீக்கடை வாசலில் நின்று, வடையைப் பழைய பேப்பரில் வைத்து, இன்னொரு பேப்பரால் மூடி, உள்ளங்கையால் அழுத்தி, திருப்பிப் போட்டு மறுபடியும் அழுத்தி, பேப்பரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "பாத்தீகளா, எம்புட்டு எண்ணெய்னு" என்று பக்கத்தில் நிற்பவரிடம் காட்டிவிட்டுத்தான் வாயில் வைப்பார்கள். பிழிந்த வடை இவர்கள் கணக்கில் வடையே இல்லை. வெறும் பருப்பு. பருப்பில் ஒன்றோடு ஏன் நிறுத்த வேண்டும்?

மதுரை செல்லூரில் எட்டு விசைத்தறி ஓட்டும் ஜெயபாண்டி இந்த ரகத்தின் தலைவர். சர்க்கரை நோய் வந்து நாலு வருடம். வந்த அன்றே டீயில் சீனியை விட்டார். விட்ட செய்தி தெருவுக்கே தெரியும், ஏனென்றால் தினமும் தெருமுனைவரை கேட்கும் குரலில் "மொக்கையா, எனக்குச் சீனி இல்லாம" என்று சொல்லித்தான் டீ வாங்குவார். டீ ஆற்றுகிற மொக்கையனுக்கு அது தெரியாதா? நாலு வருடமாகத் தெரியும். இருந்தாலும் தியாகம் என்று ஒன்றைச் செய்துவிட்டு அதை வெளியே சொல்லாமல் இருக்க முடியுமா? தியாகம் செய்த களைப்பு தீர இரண்டு உளுந்த வடை. ராத்திரி பரோட்டா. அதுவும் சால்னாவில் மிதக்கும் எண்ணெயைக் கரண்டியால் ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டுத்தான். ஒதுங்கிய எண்ணெய் அடுத்த நிமிடமே திரும்பி வந்துவிடும். அதற்கு அவர் என்ன செய்வார்?

இப்படிப்பட்டவருக்கு, ஏழுக்குள் இருக்க வேண்டிய மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 8.9 என்று வந்தது.

"சீனியத் தொட்டு நாலு வருசமாச்சு, டாக்டரம்மா" என்றார், நியாயம் கேட்கிறவர் போல.

"சீனி மட்டும் இல்லைங்க" என்றார் டாக்டர் அலர்மேல்மங்கை. "கொழுப்பு ஈரல்லயும் சதையிலயும் போய்த் தங்கிருச்சுன்னா, இன்சுலின் சொல்றதை உடம்பு கேக்காது. சர்க்கரை ரத்தத்துலயே நின்னுரும். தறியில பிசுக்கு ஏறினா, ஊடை நூலைக் கொண்டு போற நாடா ஒழுங்கா ஓடுமா? அப்படித்தான். பாமாயில், டால்டா, திரும்பத் திரும்பக் காய்ச்சின எண்ணெய், இதெல்லாம் வேண்டாம். கடலை எண்ணெய், நல்லெண்ணெய்னாலும் அளவுதான். மூணு மாசத்துல இறங்கலைன்னா இன்சுலின் ஊசி."

ஊசி என்றதும் ஜெயபாண்டி நாற்காலியைப் பின்னால் நகர்த்தினார். மனிதர் அலங்காநல்லூர்க்காரர். வாலிபத்தில் மாட்டின் திமிலைப் பிடித்துத் தொங்கியதற்கு விலாவில் தழும்பு இருக்கிறது. கேட்டால் சட்டையைக் கழற்றிக் காட்டுவார், கேட்காவிட்டாலும் காட்டுவார். ஆனால் ஊசி என்றால் அவருக்குக் கண் இருட்டிவிடும். கொரோனா தடுப்பூசி போட்டபோது இரண்டு பேர் அவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. சிரிக்காதீர்கள். பயம் யாருக்கும் பயம்தான்.

டாக்டர் சொன்னதில் தறியும் பிசுக்கும் அவருக்கு அட்சரம் பிசகாமல் புரிந்தது. தறியில் பிசுக்கு ஏறினால் என்ன செய்வோம்? வேஸ்ட் துணியால் அழுத்தித் துடைப்போம். பேப்பரில் பிழிந்ததுதான் தப்பு! பேப்பர் என்னத்தைக் குடிக்கும்? மறுநாளே தறிக்கூடத்தில் மிஞ்சிய வெள்ளைத் துணித் துண்டுகளைக் கத்தையாக எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனார். துணி எண்ணெயை உறிஞ்சுகிற அழகைப் பார்க்கப் பார்க்க அவருக்குத் தைரியம் வந்தது. தைரியம் வந்ததும் இரண்டு வடை நாலு வடையானது. வீட்டில் பூரியையும் பிழிந்தார். அப்பளத்தைப் பிழிந்தார், அது பொடியாகிவிடவே, பொடியை ரசத்தில் போட்டுக்கொண்டார்.

பிழிந்த துணிகளை மட்டும் தூக்கிப் போடவில்லை. ஒரு ஜவுளிக்கடைப் பையில் சேர்த்து வைத்தார்.

"இதை எதுக்குங்க வச்சிருக்கீக? எறும்பு மொய்க்குது" என்றாள் மனைவி பாண்டீஸ்வரி.

"டாக்டரம்மாட்ட காட்டணும். ஆதாரம் வேணும்ல."

மூன்று மாதம் முடிந்தது. ரிப்போர்ட்டில் 9.6. டாக்டர் வாயைத் திறப்பதற்குள் ஜெயபாண்டி பையைத் தூக்கி மேஜைமேல் வைத்தார்.

"இம்புட்டும் ஒடம்புக்குள்ள போயிருக்க வேண்டிய எண்ணெய். பூராத்தையும் வெளிய எடுத்திருக்கேன். மிஷின்ல ஏதோ கோளாறு இருக்கும், டாக்டரம்மா."

டாக்டர் இரண்டு விரலால் ஒரு துணியை எடுத்துப் பார்த்தார். "ஒரு துணிக்கு எத்தனை வடை?"

"ஒண்ணுக்கு ஒண்ணுதான். ஒருக்கா பிழிஞ்ச துணிய மறுக்கா தொடவே மாட்டேன்" என்றார் பெருமையாக.

டாக்டர் பையைப் பாண்டீஸ்வரி பக்கம் நகர்த்தினார். அவள் எண்ண ஆரம்பித்தாள். நூறு வரைக்கும் ஜெயபாண்டியின் முகத்தில் பெருமை இருந்தது. இருநூற்றில் அவர் மேலே சுற்றும் காற்றாடியைப் பார்த்தார். முந்நூற்றுப் பன்னிரண்டில் பாண்டீஸ்வரி கையைத் துடைத்துக்கொண்டாள். "அடியில இன்னும் கெடக்கு" என்றாள்.

"துணியில வந்தது வடைமேல ஒட்டினது" என்றார் டாக்டர். "மாவு குடிச்ச எண்ணெய் உங்களோடதான் இருக்கு."

ஜெயபாண்டி கண்கலங்கினார். பாவமாகத்தான் இருந்தது. அந்த மனிதர் மூன்று மாதமும் நாணயமாகப் பாடுபட்டிருந்தார். பாடு முழுவதும் துணியில் போனது. நர்ஸ் அஸ்வினி இன்சுலின் பேனாவோடு வந்து, "சட்டையைக் கொஞ்சம் தூக்குங்கண்ணே" என்றாள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஊசி ஏறி இறங்கியது. எறும்பு கடித்த அளவுகூட இல்லை. ஒரு கண்ணைத் திறந்து, "இதைப் போட்டுக்கிட்டா நாலு வடை தாங்குமா, டாக்டரம்மா?" என்றார்.

நீங்கள் பிழிகிறவர் இல்லை என்று நிம்மதியாகச் சிரிக்கிறீர்கள். சரி. "நமக்கெல்லாம் நைட்டு சப்பாத்திதான்" என்று ஆபீசில் சொல்லிக்கொள்கிறீர்களே, அந்தச் சப்பாத்தி கல்லில் எதில் வேகிறது? "மரச்செக்கு எண்ணெய்தான், எம்புட்டு ஊத்தினாலும் ஒண்ணும் செய்யாது" என்று போன வாரம் மச்சினரிடம் சொன்னது நீங்கள் இல்லையா? வீட்டில் மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறார்கள் என்று இன்றைக்கு ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். கேட்கும்போது சட்டையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொள்வது நல்லது. ஊசி வயிற்றில்தான் போடுவார்கள்.