அங்கீகரிக்கப்பட்ட குளிர்

குளிர் என்பது வானத்திலிருந்து தானாக இறங்குகிற விஷயம் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கிளென் ஓரன் பள்ளத்தாக்கில் அப்படியில்லை. அங்கே அது கிளென் ஓரன் குளிர் நோக்கர் சங்கத்தின் பொறுப்பில் இருந்தது. சங்கச் செயலாளர் லாக்லன் மக்காஸ்கில் தன் தோட்டத்து வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கும் வெப்பமானியைப் பார்த்து, பார்த்ததை இணையத்தில் ஏற்றிய பிறகுதான் ஊரில் முறைப்படி குளிரத் தொடங்கும். அதற்கு முன்னால் யாராவது நடுங்கினால் அது அவரவர் சொந்த அபிப்பிராயம்.

அந்த வருஷம் குளிர் வந்தது. வந்தது போகவே இல்லை. மற்ற வருஷங்களில் வானிலை வரைபடத்தில் கடுங்குளிரின் ஊதா நிறம் பத்து நாள் தள்ளித்தான் தெரியும். பத்து நாள் கழித்துப் பார்த்தால் அது இன்னும் பத்து நாள் தள்ளிப் போயிருக்கும். சங்கத்தார் அந்த ஊதாவை நம்பியே காலத்தை ஓட்டிவந்தார்கள். இந்தத் தடவை ஊதா நேராக வந்து ஸ்காட்லாந்தின் தலைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. ஆறு உறைந்தது. ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டக் கோடாலி எடுத்துப் போக வேண்டியிருந்தது. சங்கத்தார் முகத்தில் கல்யாண வீட்டுக் களை. கூட்டத்தில் ஒருவர் வாய் தவறி, "அடுத்த வாரம் கொஞ்சம் இளகலாம்னு சொல்றாங்க" என்றுவிட்டார். அவரை மரியாதையாக வெளியே அனுப்பிவிட்டுக் கூட்டத்தைத் தொடர்ந்தார்கள்.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில்தான் லாக்லன் வீட்டைச் சூடாக வைத்திருந்த பாய்லர் நின்றது.

அவர் மனைவி இஷ்பெல், பள்ளிக்கூடத்தில் ரொம்ப காலம் சமையல் பார்த்து ஓய்வு பெற்றவள். குளிரைப் பற்றி அவளுக்கு ஒரே ஒரு கருத்துதான் உண்டு. அது வெளியே இருக்க வேண்டும். வீடு மாவட்ட நிர்வாகத்தின் வாடகை வீடு. பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டியது. பாய்லரைப் பழுது பார்ப்பது நிர்வாகத்தின் வேலை. அவள் தொலைபேசியை எடுத்தாள். குளிர்கால இடர் தாங்குதிறன் ஒருங்கிணைப்பு அலுவலர் பெத்யூன் பேசினார். போன வருஷம் வரை அவர் சாலைப் பள்ளங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளங்கள் அப்படியே இருக்க, பதவி மட்டும் நீண்டுவிட்டது.

"வீட்டுக்குள்ள குளிருதுன்னு எதை வெச்சுச் சொல்றீங்க, மிஸஸ் மக்காஸ்கில்?"

"வாயைத் திறந்தா புகை வருது. பாத்திரம் துலக்குற ஸ்பாஞ்சு கல்லாயிருச்சு. இன்னும் என்ன வேணும்?"

"ஸ்பாஞ்சு அங்கீகரிக்கப்பட்ட கருவி இல்லைங்களே."

"அப்ப நீங்களே வந்து பாருங்க."

"ரோடு பூரா பனி. அவசர வேலைக்கு மட்டும்தான் வண்டி விடுறோம். அவசரம்னு ஆகணும்னா அங்கீகாரம் பெற்ற நோக்கர் யாராவது அளந்து சொல்லணும். வீட்டுல வேற சூடு ஏதும் உண்டா?"

"சின்னதா ஒரு கரண்ட் ஹீட்டர் இருக்கு. அதைக் காலடியில வெச்சுக்கிட்டுத்தான் பேசிட்டு இருக்கேன்."

"முதல்ல அதை அணைங்க. அது எரிஞ்சா அளவு கெட்டுப்போகும். அப்புறம் குளிருதுன்னு எப்படி நிரூபிப்பீங்க?"

இஷ்பெல் அணைத்தாள். அணைக்கும்போது அவளுக்கு ஒரு ஆறுதல் இருந்தது. அங்கீகாரம் பெற்ற நோக்கரை எங்கேயும் போய்த் தேட வேண்டியதில்லை. எதிரே உட்கார்ந்து அவள் வைத்த சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"சொந்த வீட்டை நானே அளந்து நானே சான்று குடுக்கிறதா?" லாக்லன் கரண்டியைக் கீழே வைத்தார். "நாலு பேர் என்ன பேசுவாங்க?"

"அந்த நாலு பேரும் கதகதப்பா வீட்டுல இருக்காங்க. இங்க விறைச்சுப் போறது நான்."

"விறைக்குதுன்னு பொத்தாம்பொதுவா சொல்லாதே. எத்தனை டிகிரின்னு சொல்லு, கேட்டுக்கறேன்."

கடைசியில், பாரபட்சம் இல்லாமல் சங்கமே கூடி அளப்பது என்று முடிவாயிற்று. மறுநாள் காலை சங்கத்தார் அவள் சமையலறையில் கூடி, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே ஒரு வெப்பமானியை மாட்டினார்கள். காற்றோட்டம் வேண்டும் என்று பின்கதவைத் திறந்து வைத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பொருளாளர் மர்டோ போய்ப் பார்த்தார். அவர் சுவரை ஒட்டிய பக்கத்து வீட்டுக்காரர். பார்த்தவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"மைனஸ் ரெண்டு," என்றார்.

"உள்ளேயா?"

"உள்ளேதான்."

மலையுச்சிக் குளிர், பள்ளத்தாக்குக் குளிர், புல்வெளிக் குளிர் எல்லாவற்றையும் நாடு முழுக்க ஆள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சமையலறைக் குளிரை மட்டும் இதுவரை எவனும் கவனிக்கவில்லை. லாக்லனின் கண் கலங்கியே விட்டது. இஷ்பெல் தனக்காகத்தான் கலங்குகிறார் என்று நினைத்து அவர் கையைப் பிடித்தாள்.

சேதி இணையத்தில் ஏறியதும் வானிலை ரசிகர்கள் எடின்பரோவிலிருந்தும் கிளாஸ்கோவிலிருந்தும் கிளம்பி வந்தார்கள். வட துருவத்துக்கு நடந்தே போகிறவன் போடக்கூடிய கோட்டு. அதைக் காரிலிருந்து இஷ்பெல் வீட்டு வாசல் வரைக்கும் போட்டுக்கொண்டு வந்தார்கள். பழுது பார்ப்பவரின் வண்டியைத் தடுத்த பனி இவர்களில் ஒருவரையும் தடுக்கவில்லை. கல்லான ஸ்பாஞ்சோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். "அம்மா, இன்னொரு தடவை மூச்சு விடுங்க. புகை சரியா விழல," என்று கேட்டார்கள். மைனஸ் மூன்று ஆனபோது கைதட்டினார்கள். மைனஸ் நான்கு ஆனபோது ஒருத்தி உணர்ச்சிவசப்பட்டு இஷ்பெலைக் கட்டிக்கொண்டாள். அந்த வாரத்தில் அவளுக்குக் கிடைத்த ஒரே சூடு அதுதான்.

சங்கத்தின் சான்று போய்ச் சேர்ந்ததும் பெத்யூன் நேரிலேயே வந்தார்.

"நல்ல சேதி, மிஸஸ் மக்காஸ்கில். உங்க வீட்டுக் குளிரை நிர்வாகம் அவசரக் குளிரா ஏத்துக்கிட்டது."

"அப்ப பாய்லர்?"

"அதுலதான் சின்னச் சிக்கல். சான்று குடுத்த நேரத்திலேர்ந்து இந்தச் சமையலறை அங்கீகரிக்கப்பட்ட நோக்குநிலையம் ஆயிருச்சு. நோக்குநிலையத்திலேர்ந்து முப்பது மீட்டருக்குள்ள வெப்ப மூலம் எதுவும் இயங்கக் கூடாது. அதனால பாய்லரைச் சரி பண்ணணும்னா நிலையத்துக்குப் பொறுப்பானவர் சம்மதிக்கணும்."

"யாரு அந்தப் பொறுப்பானவர்?"

"சங்கச் செயலாளர்."

எல்லோரும் திரும்பினார்கள். லாக்லன் வெப்பமானியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"லாக்லன்," என்றாள் இஷ்பெல்.

"பொதுக்குழுவுல வெச்சுத்தான் சொல்ல முடியும், இஷ்பெல். இந்தக் குளிர் ஒரு சுற்று முடியட்டுமே. இப்படி ஒண்ணு நம்ம வாழ்நாள்ல இன்னொரு தடவை வராது."

"நம்ம வாழ்நாளா? உன் வாழ்நாள் எவ்வளவுன்னு நான் இன்னும் முடிவு பண்ணல."

இத்தனை வருஷம் இந்த மனுஷனுக்குக் காலுறை பின்னிப் போட்டிருக்கிறாள். அழலாம் என்று தோன்றியது. அழுதால் அதையும் அளப்பார்கள் என்பதால் அடக்கிக்கொண்டாள். பிறகு நாற்காலியைப் பெத்யூனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

"ஐயா, வெப்ப மூலம்னா என்ன?"

"சுற்றுப்புறத்தைவிடச் சூடா இருக்கிற எதுவும்."

"என் உடம்பு முப்பத்தேழு டிகிரி இருக்கும். இந்த ஆளு உடம்பும் அப்படித்தான், நம்புறது கஷ்டம்."

பெத்யூன் பேனாவை மூடினார். பிறகு திறந்தார். அவருடைய உத்தியோக வாழ்க்கையில் ஒரு விதியை யாரும் இவ்வளவு மரியாதையோடு நடத்தியதில்லை. வெளியே போய் மேலதிகாரியோடு பேசிவிட்டுத் திரும்பியபோது அவர் முகத்தில் ஒரு பொலிவு இருந்தது. மக்காஸ்கில் தம்பதியர் நோக்குநிலைய எல்லையிலிருந்து அப்புறப்படுத்தப்பட வேண்டிய இரண்டு வெப்ப மூலங்கள் என்றும், அப்புறப்படுத்தப்பட்ட வெப்ப மூலங்களை நிர்வாகச் செலவில் பாலத்தடி ஹோட்டலில் வைத்துப் பராமரிப்பது என்றும் முடிவாகியிருந்தது.

"அப்ப அளவை யார் பார்க்கிறது?" லாக்லன் பதறினார்.

"வெப்பம் இல்லாத நபர் யார் வேணும்னாலும் உள்ள போய்ப் பார்க்கலாம்."

சங்கம் தன் உறுப்பினர்களை ஒவ்வொருவராகப் பரிசீலித்தது. மர்டோவின் பெயர் மட்டும் நெடுநேரம் ஆலோசனையில் இருந்தது. கடைசியில் முப்பது மீட்டருக்கு அப்பால் கயிறு கட்டி, தொலைநோக்கி வைத்து ஜன்னல் வழியாகப் பார்ப்பது என்று தீர்மானித்தார்கள்.

ஹோட்டலில் இஷ்பெல் முதலில் வெந்நீர்த் தொட்டிக்குள் இறங்கினாள். தோல் சுருங்கிய பிறகுதான் வெளியே வந்தாள். காலையில் புகை போட்ட மீன், முட்டை, பாலாடை ஊற்றிய ஓட்ஸ் கஞ்சி. கூடத்தில் விறகு எரிந்துகொண்டே இருந்தது. இந்த இடத்தில் அவள் ஒரு தப்புப் பண்ணினாள். மர்டோவின் மனைவி எஃபியைத் தொலைபேசியில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

"கஞ்சிக்குப் பாலாடையா?" என்றாள் எஃபி.

"கேக்காமலே ஊத்துறாங்கடி."

"துண்டு?"

"தினம் புதுசு. சூடு பண்ணிக் குடுக்கிறாங்க."

எஃபி வீட்டு பாய்லர் அப்போது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது; முப்பது மீட்டர் விதியைச் சொல்லி யாரும் புகார் கொடுக்கவில்லை. மறுநாள் நின்றுவிட்டது. அதற்கடுத்த வீட்டு பாய்லரும் நின்றது. அந்த வாரம் முழுக்க அந்தத் தெருவில் பாய்லர்கள் காய்ச்சல் கண்டது போல வரிசையாகப் படுத்தன. விசேஷம் என்னவென்றால், எல்லா பாய்லர்களும் வீட்டுக்காரர் சுவிட்சுக்குப் பக்கத்தில் நிற்கும்போதுதான் நின்றன. சங்கம் வீடுவீடாக வெப்பமானி மாட்டியது. வெப்ப மூலங்கள் பெட்டியோடு வேனில் ஏறின. கிளென் ஓரனில் எரிபொருள் உபயோகம் இதுவரை இல்லாத அளவுக்குக் குறைந்திருப்பதாகப் பெத்யூன் அறிக்கை அனுப்ப, மேலிடத்திலிருந்து அவருக்குப் பாராட்டு வந்தது.

ஆனால் மர்டோ வீட்டுச் சமையலறை வடக்குப் பார்த்தது. அங்கே மைனஸ் ஆறு. ரசிகர்கள் தொலைநோக்கியை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள். மக்காஸ்கில் வீட்டு ஜன்னலை ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லை. சங்கம் ஹோட்டல் கூடத்திலேயே கூடி, போதிய தரமில்லாத குளிர் என்ற காரணத்தால் மக்காஸ்கில் சமையலறையின் அங்கீகாரத்தை வருத்தத்துடன் ரத்து செய்தது. லாக்லன் தட்டிலிருந்த மீனைத் தொடவே இல்லை. அதையும் இஷ்பெல் சாப்பிட்டாள்.

அங்கீகாரம் போனதும் விதியும் போயிற்று. பழைய அவசரம் மட்டும் அப்படியே இருந்தது. அன்று மதியமே ஆள் வந்து பாய்லரைச் சரி செய்தார். நோக்குநிலையத்தின் வெப்ப மூலங்கள் இல்லை என்று ஆனபிறகு ஹோட்டல்காரர்களும் அறையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். இஷ்பெலுக்கு அதில் வருத்தமில்லை. எத்தனை பாலாடை ஊற்றினாலும் அது அடுத்தவன் அடுப்பு.

வீட்டுக்கு வந்து, சுவரோரக் கணப்பு ஒவ்வொன்றிலும் கையை வைத்துப் பார்த்தாள். எல்லாம் சூடாக இருந்தன. பாய்லர் நின்ற பிறகு முதல் தடவையாக இந்த வீட்டில் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். பார்லியும் ஆட்டிறைச்சியும் போட்டு சூப் வைத்தாள். கொஞ்ச நேரம் அழுதாள். அளப்பதற்கு ஆள் இல்லாததால் நிம்மதியாக அழ முடிந்தது. லாக்லன் தயங்கித் தயங்கி நாற்காலியைக் கணப்புப் பக்கம் நகர்த்திக்கொண்டு வந்தார்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார்.

அந்த மனுஷன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததே பெரிசு என்று இஷ்பெல் அவருக்கு இன்னொரு கிண்ணம் ஊற்றினாள்.

மறுநாள் காலை கதவு தட்டப்பட்டது. பெத்யூன் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வந்தவர் கதவைச் சாத்திவிட்டு நேரே போய்க் கணப்புக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

"சங்கடமான விஷயம், மிஸஸ் மக்காஸ்கில். உங்க சுவரும் மர்டோ வீட்டுச் சுவரும் ஒண்ணு. நேத்து நீங்க பாய்லரைப் போட்டதிலேர்ந்து அவர் சமையலறை மைனஸ் ஆறிலேர்ந்து மைனஸ் மூணுக்கு வந்துருச்சு. புகார் குடுத்திருக்கார்."

"அவர்தான் ஹோட்டல்ல இருக்காரே."

"அங்கேர்ந்துதான் குடுத்தார். மத்த வீடுகளும் முப்பது மீட்டருக்குள்ளதான் இருக்கு. எல்லாரும் ஒத்துமையா குடுத்திருக்காங்க. பாய்லரை உடனே நிறுத்தணும்."

"ஆளே இல்லாத வீட்டுல குளிர் கொஞ்சம் குறைஞ்சா யாருக்கு என்ன நஷ்டம் ஐயா?"

"அதனாலதான் இவ்வளவு கண்டிப்பா இருக்கோம். ஆள் இருந்தா, கொஞ்சம் அனுசரிச்சுப் போங்கன்னு சொல்லலாம். காலி வீட்டுகிட்ட யார் பேசுறது?"

இஷ்பெல் லாக்லனைப் பார்த்தாள். லாக்லன் விதிகளை யோசித்துப் பார்த்துவிட்டுத் தலைகுனிந்துகொண்டார். அந்த விதியை எழுதும்போது அவர்தான் முப்பது மீட்டர் போதுமா என்று கேட்டவர்.

"சரி," என்றாள் அவள். "அப்ப நாங்களும் வெப்ப மூலம்தானே. ஹோட்டலுக்கு அனுப்பிடுங்க."

"ஹோட்டல்ல இடமில்லைங்க. ஊரே அங்கதான இருக்கு. இடம் காலியாகிற வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் முடிஞ்ச அளவு வெப்பத்தைக் குறைச்சுக்கிட்டா நிர்வாகத்துக்கு உதவியா இருக்கும்."

இஷ்பெல் ஆணியிலிருந்த கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, பாய்லரின் சுவிட்சை நோக்கிப் போனாள்.

"இப்பவே வேணாம்மா," என்றார் பெத்யூன், திரும்பி நின்று உள்ளங்கை இரண்டையும் கணப்பின் மேல் வைத்துக்கொண்டே. "வெளியில ரொம்பக் குளிரா இருக்கு. நான் கிளம்பினதும் அணைச்சிடுங்க."