வாக்கர் என்றால் என்ன அர்த்தம்

ஒருவரைப் பற்றி எதுவும் தெரியாதபோது சும்மா இருப்பது நல்லது. கொஞ்சம் தெரிந்துவிட்டாலோ, கட்டாயம் சும்மா இருக்க வேண்டும். இந்த இரண்டாவது பாடத்தை நான் அமெரிக்காவில், ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில், என் சொந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில், சம்பந்தி வீட்டார் எதிரில் கற்றுக்கொண்டேன்.

என் மகள் காவ்யா, தன்னோடு வேலை பார்க்கும் டாக்டர் மார்கஸ் வாக்கரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொல்லியிருந்தாள். மார்கஸ் கறுப்பினத்துப் பையன். வெகுநாளாக வீட்டுக்கு வந்து போகிறவன். என் மனைவி மாலதியின் வத்தக்குழம்பை வாய்விட்டுப் புகழ்கிறவன். (அதனால் வீட்டில் என்னைவிட அவனுக்குத்தான் மதிப்பு.) அவனுடைய பெற்றோர் முதல்முறையாக ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவதாக ஏற்பாடு.

முதல் நாள் தாம்பரத்திலிருந்து அண்ணன் ஃபோன் செய்தார்.

"பையன் தங்கமான பையன், எல்லாம் சரிடா. வாக்கர்னா என்ன ஆளுங்க?"

"அண்ணா, இந்த ஊர்ல அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க" என்று கம்பீரமாகச் சொல்லி ஃபோனை வைத்தேன். வைத்த கையோடு இணையத்தில் தேட உட்கார்ந்தேன்.

வாக்கர் என்றால் நடப்பவர் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லையாம். அந்தக் கால இங்கிலாந்தில் நெய்த கம்பளித் துணியைத் தொட்டியில் போட்டு, அது இறுகித் தடிக்கும்வரை காலால் மிதிக்கும் தொழிலாளிக்கு அந்தப் பெயர். தொழிலே குடும்பப் பெயராகிவிட்டது. பிசுக்குப் போவதற்காகத் தொட்டியில் எதை ஊற்றினார்கள் என்றும் போட்டிருந்தது. அதைப் படித்ததோடு விட்டிருக்கலாம்.

மறுநாள் வந்தார்கள். மிஸ்டர் வாக்கர் நெடிய மனிதர், ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார். வெயில், ஹூஸ்டன் டிராஃபிக் இரண்டையும் பேசி முடித்ததும், சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் பேச்சு நின்றுபோனது. எனக்கு மௌனம் ஒத்துக்கொள்ளாது. "உங்கள் பெயருக்கு என்ன அர்த்தம் தெரியுமா?" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். இங்கிலாந்து, ஆடு, கம்பளி, தொட்டி என்று வரிசையாக இறக்கினேன். காவ்யா மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். (பேச்சுக்குப் பொருத்தமாகத்தான் மிதிக்கிறாள் என்று நினைத்தேன்.)

"தொட்டியில் ஊற்றுவது புளித்துப்போன சிறுநீர். உங்கள் முன்னோர் முழங்கால் ஆழம் அதில் நின்று..."

"அப்பா, ப்ளீஸ். ஸ்டாப்" என்றாள் காவ்யா.

மிஸ்டர் வாக்கர் ஸ்பூனைக் கீழே வைத்தார்.

"எங்கள் முன்னோரை ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக்கொண்டு வந்தார்கள்" என்றார் நிதானமாக. "கிழக்கு டெக்சாஸில் ஒரு பருத்திப் பண்ணையில் அடிமைகளாக இருந்தார்கள். வாக்கர் என்பது பண்ணைக்காரரின் பெயர். விடுதலையானபோது அந்தப் பெயர்தான் எங்களோடு வந்தது. அதற்கு முன் எங்களுக்கு என்ன பெயர் என்று தெரியாது."

மாலதி ரசக் கரண்டியோடு அப்படியே நின்றாள். எனக்கு இதெல்லாம் தெரியாததில்லை. குடியுரிமைத் தேர்வுக்கே உருப்போட்டவன். ஆனால் பெயருக்குள் ஒரு தொழிலைக் கண்ட சந்தோஷத்தில், எதிரில் உட்கார்ந்திருந்த மனிதரைக் காணத் தவறிவிட்டேன். மன்னிப்புக் கேட்டேன். மகளின் கல்யாணம் என் வாயாலேயே நின்றது என்று முடிவுகட்டினேன்.

மிஸ்டர் வாக்கர் கையை உயர்த்தினார். "ஒரு நிமிடம். தொட்டியில் நின்றவர்கள் இங்கிலாந்து வாக்கர்கள்தானே?"

"ஆமாம்."

"அதாவது, எங்களை வைத்திருந்தவரின் பாட்டன்மார்."

"அப்படித்தான் இருக்க வேண்டும்."

"முழங்கால் ஆழம்?"

"முழங்கால் ஆழம்."

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாள் நாப்கினால் வாயைப் பொத்திக்கொண்டார். பயனில்லை. இருவரும் மேசை அதிரச் சிரித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முதலிலிருந்து சொல்லுங்கள்" என்றார் அவர்.

கல்யாணம் நடந்தது. வரவேற்பில் அவர் என்னைத் தம் உறவினர்களிடம் மேசை மேசையாக இழுத்துப்போய், "அந்தக் கதை இவருடையதுதான்" என்று அறிமுகப்படுத்தினார். இப்போதெல்லாம் நவம்பர் மாதத்துத் தாங்க்ஸ்கிவிங் விருந்து அவர்கள் வீட்டில்தான். பிரார்த்தனை முடிந்ததும் யாரும் தட்டைத் தொடுவதில்லை, என்னைப் பார்க்கிறார்கள். மிஸ்டர் வாக்கரின் அத்தைக்குக் காது மந்தம். அதனால் தொட்டியில் ஊற்றியது என்ன என்பதை மட்டும் நான் எழுந்து நின்று, உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.